ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவே

ஆயுத பூஜையன்று நாமக்கல், சங்ககிரிப் பக்கம் போனால் லாரிகள் மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பதைப் பார்க்கலாம். கழுவித் துடைத்து, முகப்பில் வாழைக்கன்று கட்டி, கண்ணாடிக்கு மேல் சந்தனம் குங்குமம் வைத்து, முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். சூடம் காட்டிப் பூசணிக்காய் உடைத்ததும் வண்டி எலுமிச்சையை நசுக்கிக்கொண்டு ஓரடி நகரும். அன்று ஒரு நாள் அதற்கு ஓய்வு. ஓட்டுநருக்கும்தான்.

மறுநாள் ஓட்டம் ஆரம்பம். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் இடையே ஏறத்தாழ இருபது நாள்தான். சூரத்துப் புடவை ஈரோட்டுக்கு வர வேண்டும். திருப்பூர் பனியன் வடக்கே போக வேண்டும். சிவகாசிப் பட்டாசு, நாசிக் வெங்காயம், மைதா, எண்ணெய், தள்ளுபடியில் ஆர்டர் செய்த வாஷிங் மெஷின் எல்லாம் இந்த இருபது நாளுக்குள் அடங்க வேண்டும். பண்டிகை முடிந்து வந்து சேரும் புடவையை யார் வாங்குவார்? அதனால் இந்த நாட்களில் புக்கிங் ஆபீஸில் வாடகைக்கு முன்னால் நேரத்தைத்தான் பேசுகிறார்கள். 'எப்போ வந்து சேரும்?' என்று கேட்பவர் சரக்குக்காரர். பதில் சொல்பவர் ஏஜென்ட். அந்தப் பதிலுக்குத் தகுந்தபடி ஓட்டவேண்டியவர் அப்போது பெரும்பாலும் அந்த அறையிலேயே இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையும் சரியாக இதே நாட்களில்தான் பிடிக்கிறது.

வடக்கேயிருந்து பாரம் ஏற்றி வரும் லாரிகளுக்குத் தமிழ்நாட்டின் கடுமையான பரீட்சை தொப்பூர் கணவாய். பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலையில் தருமபுரியைத் தாண்டியதும் வரும் வளைந்து நெளிந்த இறக்கம் அது. 2020 டிசம்பர் 12 அன்று அங்கே சிமென்ட் ஏற்றி வந்த ஒரு லாரி, முன்னால் நின்ற வாகனங்களின் மேல் பாய்ந்து நான்கு உயிர்களைக் கொண்டுபோனது. 2024 ஜனவரியில் இன்னொரு தொடர் மோதல், அதிலும் நான்கு பேர். அதன் கேமரா காட்சி அன்று பலருடைய போனுக்கும் வந்து சேர்ந்தது. சாலையின் வடிவமைப்பைக் குறை சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் அங்கே ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் தவறாமல் அடிபடும் ஒரு சொல் 'நியூட்ரல்'.

இறக்கத்தில் கியரை விடுவித்து வண்டியைத் தானாக உருளவிடுவது டீசலை மிச்சம் பிடிக்கும் பழைய வழக்கம். அதை ஓட்டுநரின் திமிர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஒரு நடைக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கிட்டுக் கொடுக்கும் இடங்களில், மிச்சமாகும் டீசல் ஓட்டுநரின் கையில் சேரும் காசு. வேதனை என்னவென்றால், செங்குத்தான இறக்கத்தில் அந்தக் கணக்கே தப்பு. இன்றைய என்ஜினில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரமே என்ஜினைச் சுழற்றும். உள்ளே இருக்கும் மின்னணுக் கட்டுப்பாடு டீசலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டாலோ, என்ஜின் அணைந்துவிடாமல் இருக்கவாவது டீசல் எரிந்துகொண்டே இருக்கும். மிச்சமென்று நினைத்தது நஷ்டம்.

போதாததற்கு, என்ஜின் வழியாக வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் நியூட்ரலில் பயனில்லாமல் போகிறது. மொத்தப் பாரத்தையும் சக்கர பிரேக்குகளே தாங்குகின்றன. டிரம் சூடேறி லைனர் பிடிப்பை இழந்த பிறகு, பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி கேட்காது. மேட்டை எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய டிரைவர்கள் கிளீனர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இப்போது பல வண்டிகளில் கிளீனரே கிடையாது. பாடம் கேட்க ஆளில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு டிரைவரின் தலை சாய்ந்தால் தோளைத் தட்டவும் ஆளில்லை.

தூக்கத்துக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை, நெடுந்தூர வண்டி என்றால் அதிகம் போனால் 10 மணி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடினால் அரை மணி ஓய்வு என்றெல்லாம் எழுதி வைத்தது. ஐரோப்பாவிலும் ஏறக்குறைய இதே கணக்குதான்: நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிற்க வேண்டும். ஆனால் அங்கே வண்டிக்குள் டேக்கோகிராப் என்ற கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவு செய்கிறது. இங்கே பதிவு செய்யக் கருவியே இல்லையா?

உண்டு. சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில், 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்று கணக்கிட்டு அவகாசம் தருகிறது. சூரத்திலிருந்து ஈரோடு சுமார் 1,500 கி.மீ.; பில் எட்டு நாள் செல்லும். அரசாங்கத்துக்கு அவசரமில்லை, அவசரமெல்லாம் சந்தைக்குத்தான். 2021 பிப்ரவரியிலிருந்து பாஸ்டேக்கும் கட்டாயம். ஒரு லாரி கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது, வைகுந்தத்தை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது நிமிட சுத்தமாகப் பதிவாகிறது. வரிக்கும் சுங்கத்துக்கும் பயன்படும் அந்தக் கடிகாரத்தை ஓட்டுநரின் தூக்கத்துக்குப் பயன்படுத்த மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சாலைப் பாதுகாப்பு மாதத்தில் கண் பரிசோதனை முகாம் நடத்தி, துண்டறிக்கை கொடுத்து, டிரைவருக்கு அறிவுரை சொல்லி அனுப்புகிறோம். நேரத்தைக் குறித்த ஏஜென்ட்டை எந்த முகாமுக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. 2022-ல் நாட்டிலேயே அதிகமாக 64,105 சாலை விபத்துகள் நடந்து, 17,884 பேர் இறந்த மாநிலம் இது.

நின்று தூங்கச் சொன்னால் எங்கே நிற்பது என்ற கேள்வியும் இருக்கிறது. வெளிச்சமில்லாத ஓரத்தில் நிறுத்தினால் தார்ப்பாயைக் கிழித்துச் சரக்கைத் திருடுவார்கள். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுவார்கள். சாலையை ஒட்டி நிறுத்தினால், பின்னால் வரும் கார் வந்து செருகும். விளக்கும் காவலும் கழிப்பறையும் உள்ள நிறுத்துமிடம் கிடைக்கும்வரை, பயந்துகொண்டு தூங்குவதைவிட ஓட்டிக்கொண்டே போவது மேல் என்றுதான் பலருக்கும் தோன்றும்.

எல்லாவற்றையும் ஒரே சீசனில் சரிசெய்ய முடியாது. தொப்பூரில் மட்டும் தொடங்கிப் பார்க்கலாம். முந்தைய 24 மணி நேரத்தில் ஐந்து மணி நேரமாவது எங்கும் தங்கியதாக பாஸ்டேக் கணக்கு காட்டாத லாரியை, இறக்கத்துக்கு முன்னால் ஓரங்கட்டித் தூங்க வைக்கலாம். பிரேக் டிரம்மையும் தொட்டுப் பார்த்துவிடலாம். ஓட்டுநரிடம் அபராதம் வாங்க வேண்டாம். நோட்டீஸ், இ-வே பில்லில் பெயர் இருக்கிறதே, அந்தச் சரக்குக்காரரின் முகவரிக்குப் போகட்டும். அடுத்த தீபாவளிக்கு அவர் சூரத்தில் ஒரு நாள் முன்னதாக லோடு ஏற்றிக்கொள்வார்.