அழுகிற தாயிடம் ஸ்தோத்திரம் கேட்காதீர்கள்

துன்பத்தில் அழுகிற விசுவாசி பிசாசுக்கு இடம் கொடுக்கிறான் என்று மாத இதழொன்றில் ஒரு போதகர் எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்துச் சபைகளில் கொடுக்கிறார்கள். பவுலும் சீலாவும் சிறையில் பாடினார்கள், ஆகவே சந்தோஷம் விசுவாசியின் கடமை; கண்ணீர் அவிசுவாசம்; துதிக்காத வீட்டில் ஆசீர்வாதம் தங்காது. இவ்வளவுதான் அவர் வாதம். இதற்குச் சாட்சியாக, மகனைப் பறிகொடுத்த ஒரு தாயை, உடல் வீட்டில் கிடக்கும்போதே அழுகையை நிறுத்தி ஸ்தோத்திரம் சொல்ல வைத்ததைப் பெருமையோடு விவரிக்கிறார்.

உபத்திரவத்தின் நடுவிலும் கிறிஸ்துவுக்குள் சந்தோஷம் உண்டு என்று நானும் நம்புகிறேன். அந்தச் சந்தோஷத்தை எடுத்து ஒரு தாயின் வாயை அடைக்கப் பயன்படுத்தியிருக்கிறார் என்பதுதான் என் கோபம்.

அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தை அவர் பாதியில் மூடிவிட்டார். தடியடி பட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையில் இருவரும் நள்ளிரவில் ஜெபித்துப் பாடியது உண்மை. யாரும் பக்கத்தில் நின்று பாடச் சொல்லி வற்புறுத்தவில்லை. அந்த இரவில் மகிழ்ந்திருந்தான் என்று லூக்கா வெளிப்படையாக எழுதுவது சிறைக்காவலனைப் பற்றி. கைதிகளின் காயங்களைக் கழுவி, வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு வைத்த பிறகு வந்த மகிழ்ச்சி அது. விடிந்ததும் அதிகாரிகள் சத்தமில்லாமல் விடுவிக்கப் பார்த்தார்கள். பவுல் அசையவில்லை. ரோமக் குடிமக்களை விசாரிக்காமல் ஊரறிய அடித்தவர்கள் நேரில் வந்து அழைத்துப்போகட்டும் என்றார். பாடிய அதே வாய்தான் நியாயமும் கேட்டது. இந்தப் பகுதி கட்டுரையில் இல்லை.

பின்னாளில், அந்தச் சிறை இருந்த பிலிப்பி ஊரின் சபைக்குப் பவுல் காவலிலிருந்து எழுதிய நிருபத்தைத்தான் போதகர் அதிகம் எடுத்தாள்கிறார். நான்கே அதிகாரம், முழுவதையும் வாசித்திருக்கலாம். பிலிப்பியர் அனுப்பிய உதவியைக் கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டுச் சாகக் கிடந்தான். அவன் பிழைத்ததைச் சொல்லும்போது, துக்கத்தின் மேல் துக்கம் தனக்கு வராதபடி தேவன் தன்மேலும் இரங்கினார் என்கிறார் பவுல் (2:27). அடுத்த அதிகாரத்தில் கண்ணீரோடு எழுதுவதாகச் சொல்கிறார். ஆசியாவில் பட்ட பாட்டில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதைக் கொரிந்தியருக்கு ஒளிக்காமல் எழுதினார். போதகரின் அளவுகோலை வைத்தால் பவுலே அவிசுவாசி.

பிலிப்பியர் நிருபத்தின் சந்தோஷம் வெறும் மன உறுதியால் வந்ததில்லை. ரோமக் காவலில் கைதியின் சாப்பாடும் துணியும் பெரும்பாலும் வெளியிலிருந்து உற்றவர் கொண்டுவந்தால்தான் உண்டு. ஏழைச் சபை ஒன்று ஆளையும் பணத்தையும் அனுப்பியது. தன்மேல் அவர்களுக்கிருந்த அக்கறை மறுபடி துளிர்த்ததற்காக மிகவும் மகிழ்ந்தேன் என்று நான்காம் அதிகாரத்தில் எழுதுகிறார். எந்த நிலையிலும் மனநிறைவாக இருப்பேன் என்றும் அங்கேயே சொல்கிறாரே என்பார் போதகர். சொல்கிறார், தன்னைப் பற்றி. அதைச் சாவு வீட்டில் இன்னொருவர் தலையில் ஏற்றவில்லை. உடனேயே, தன் உபத்திரவத்தில் அவர்கள் பங்கெடுத்தது நல்லது என்றும் சேர்க்கிறார். அந்தத் தாயின் உபத்திரவத்தில் போதகர் எடுத்த பங்கு என்ன? கட்டுரை முழுவதும் தேடினேன். அவர் கேட்டு வாங்கியது மட்டும்தான் இருக்கிறது.

கண்ணீர் அவிசுவாசம் என்றால், சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கிழித்துவிட வேண்டும். 88ஆம் சங்கீதம் ஆறுதல் வார்த்தை இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் ஆலயத்தில் பாடத்தான் வைத்தார்கள். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்த இயேசு, எழுப்புவதற்குச் சற்று முன் அழுதார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தது நல்ல காரியம். பிறகு பிரசங்கம் பண்ணினார்கள். அதற்காகத் தேவன் அவர்கள்மேல் கோபங்கொண்டு, ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் பலியிடச் சொன்னார்.

துதிக்காத வீட்டில் ஆசீர்வாதம் தங்காது என்பது இதைவிடக் கொடியது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்ற எண்ணத்தை இயேசு முகத்துக்கு நேரே மறுத்தார். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணியில் சுனாமியில் கடல் கொண்டுபோன யாத்திரிகர்கள் துதிக்காமலா அங்கே வந்தார்கள்? அவர்களின் பிள்ளைகள் இன்றும் சபைகளில் உட்கார்ந்து இந்தப் போதனையைக் கேட்க வேண்டியிருக்கிறது.

டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து அடிபட்டபின், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். 1933இல் வெளிவந்த ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ நூலை, நோயாளி நோயாளிகளுக்கு எழுதுவதாகவே எழுதினார். சுகமாயிருப்பவர்கள் எழுதி அனுப்பும் ஆறுதல் படுக்கையில் கிடப்பவரை எட்டுவதில்லை என்பது அவர் அனுபவம். சந்தோஷத்தைப் பற்றி அந்த அறையிலிருந்து வரும் சொல்லை நான் தலைவணங்கிக் கேட்பேன். மகனை இழந்த அந்தத் தாயே ஒருநாள் தானாகப் பாடினால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். ஒலிபெருக்கி பிடித்தவர் கட்டளையிட்டு வாங்கும் ஸ்தோத்திரத்துக்கு நான் ஆமென் சொல்ல மாட்டேன்.

அடுத்த இதழில் போதகர் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டு எழுதட்டும். கட்டுரையைப் படியெடுத்துக் கொடுத்த சபைகள் அந்த மன்னிப்பையும் படியெடுத்துக் கொடுக்கட்டும்.