வேலை இருந்தால்தான் இனம் இருக்கும்

நாட்டுமாடு என்றதும் நாம பால், சாணம், கோமியம் என்று பேசுகிறோம். உழவைப் பற்றிய பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. எனக்கு இதில்தான் பயம். காரணத்தைச் சொல்ல இங்கிலாந்து வரை போய் வரணும், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

அந்த நாட்டின் கிழக்கே சஃபோக் என்று ஒரு பகுதி. கனத்த களிமண் பூமி. அங்குள்ள உழவர்கள் தங்கள் மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்த ஏர்க்குதிரை சஃபோக் பஞ்ச். உடம்பு முழுக்கச் செம்பழுப்பு நிறம், ஏறக்குறைய ஒரு டன் எடை. ஷயர் போன்ற பெரிய குதிரைகளுக்குக் குளம்பைச் சுற்றி முடி அடர்ந்து தொங்கும். அதில் களிமண் அப்பிக்கொள்ளும். சஃபோக் குதிரைக்குக் கால் சுத்தமாக இருக்கும். இன்றுள்ள சஃபோக் குதிரை ஒவ்வொன்றும் ஆண்வழியில் 1768-ல் பிறந்த ஒரே பொலிகுதிரையின் வாரிசு. 1877-லேயே சங்கம் வைத்து வம்சாவளி எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

இவ்வளவு இருந்தும் என்ன ஆச்சு? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவு உற்பத்தியைக் கூட்ட டிராக்டர்கள் பெருகின. போருக்குப் பின் வேலையில்லாத குதிரைகள் அடிமாடு போலக் கசாப்புக்குப் போயின. 1966-ல் பதிவான குட்டிகள் ஒன்பதே ஒன்பது! வம்சாவளிப் புத்தகம் பத்திரமாக இருந்தது, குதிரைதான் இல்லை.

பிறகு ஆர்வலர்கள் சிலரும், ஒரு சிறைச்சாலைப் பண்ணையும் சேர்ந்துதான் இனத்தைக் காப்பாற்றினார்கள். இன்றும் அது அழியும் நிலைப் பட்டியலில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் ஆமிஷ் மக்களைப் பாருங்க. பெர்ச்செரான், பெல்ஜியன் குதிரைகளைப் பூட்டி இன்றும் உழுகிறார்கள். தீவனம் சொந்த வயலில் விளைகிறது, சாணம் அதே வயலுக்குத் திரும்புகிறது. குதிரைக்கு வேலை இருப்பதால் குட்டிக்கு விலை இருக்கிறது. விலை இருப்பதால் வளர்க்க ஆள் இருக்கிறது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 2017-ல் நாட்டுமாட்டுக்காக மெரினாவில் எவ்வளவு கூட்டம்! நல்லதுதான். ஆனால் காங்கேயம் காளைக்கும் உம்பளச்சேரி காளைக்கும் ஏரும் வண்டியும்தானே பிழைப்பு? அது போனபின் கிடாரியை வைத்துக்கொண்டு காளைக்கன்றை விற்றுவிடுகிறோம். அந்தக் கன்று எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாதா?

"ஏர் ஓட்ட ஆளு எங்கேப்பா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். நானும் டிராக்டரை அடியோடு விடச் சொல்லவில்லை. பரம்படிப்பது, களை ஓட்டுவது, குப்பை அடிப்பது, இந்த மூன்றையாவது மாட்டுக்கு விடலாமே. ஊருக்கு ஒரு ஜோடி போதும். நாலு பேர் சேர்ந்து கூலி கொடுத்து வரவழைத்தால் மாட்டுக்காரர் நிற்பார். ஓட்டத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் நம் பிள்ளைகள் இந்தப் பட்டத்திலேயே கலப்பையைப் பிடித்துப் பழகட்டும்.