டங்கன் வைற் என்னும் ஆசிரியர்

1948 ஆம் ஆண்டு யூலை 31 ஆம் நாள், இலண்டன் வெம்பிளி அரங்கிலே, 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தை 51.8 விநாடியில் ஓடி டங்கன் வைற் வெள்ளிப் பதக்கம் பெற்றார். இலங்கை சுதந்திரம் எய்தி ஆறு திங்கள் நிறையவில்லை. ஒலிம்பிக் விழாவிற்கு இந்நாடு சென்றதும் அதுவே முதன்முறை. இவ்வளவும் நம் மாணவர் அறிவர். பொது அறிவுப் போட்டிகளில் மடமடவென்று விடை சொல்வர். அதன் பின்னர் அவர் என்ன ஆனார் என என் வகுப்பில் வினவினேன். ஒருவரும் வாய் திறந்திலர்.

பின்னர் அவர் ஆசிரியரானார். களுத்துறைப் பகுதியிற் பிறந்து, கண்டி திரினிற்றிக் கல்லூரியிற் பயின்று, இராணுவ அதிகாரியாயும் விளங்கிய அவர், 1950 இல் ஒக்லன்ட் நகரிலே நிகழ்ந்த பேரரசு விளையாட்டு விழாவில் தங்கமும் வென்றார். அப்புகழைக் கொண்டே எஞ்சிய நாளைக் கழித்திருக்கலாம். அவரோ இங்கிலாந்தின் லொவ்பரோக் கல்லூரியில் உடற்கல்வியை முறையாகக் கற்றார். பேராதனையிலும், பின் நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகத்திலும் அதனையே கற்பித்தார். பதக்கம் பெற்றவர் மீண்டும் மாணாக்கராய் வாங்கில் அமர்ந்தாரே, என் கருத்தில் அது பதக்கத்திலும் பெரிது. 1958 இல் தோக்கியோ ஆசிய விழாவில் உயரம் பாய்ந்து தங்கம் வென்ற நம் எதிர்வீரசிங்கமும் பின்னாளிற் கற்பிக்கும் தொழிலையே மேற்கொண்டார்.

நம் பாடசாலைகளில் தேகாப்பியாசப் பாடத்தின் நிலை யாது? சோதனை நெருங்கியதும் முதலிற் பறிபோவது அப்பாடவேளையே. பறிப்பவர் கணித ஆசிரியர். தமிழாசிரியரும் இதற்கு விலக்கல்லர். தேகாப்பியாச ஆசிரியருக்கு விசில் ஒன்றும் பந்து இரண்டும் கொடுத்து, ஆசிரியர் வராத வகுப்புகளை மேய்க்க விடுகின்றோம். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு இரு வாரம் இருக்கையில் மாத்திரம் அவர் பெரியவர். அவ்விரு வாரத்துள் ஓட்டக்காரனை ஆக்கித் தருமாறும் கேட்கின்றோம். 35 மீற்றருக்கு ஒன்றாக நிற்கும் பத்துத் தடைகளைக் காலடி பிசகாது கடத்தற்கு எத்தனை ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்று எண்ணுவாரில்லை. யாப்பிலே சீர் பிசகினால் தளை தட்டும். அங்கே பிசகினால் ஆள் விழுவான்.

வைற் 1998 இல் இங்கிலாந்திலே காலமானார். இலங்கைக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் 2000 இல், சிட்னியிலே, சுசந்திகா ஜயசிங்கவால் வந்தது. இடையே 52 ஆண்டுகள். அந்த இடைவெளியிலே, தடைதாண்டக் கற்பிக்க வல்ல ஒருவர் நைஜீரிய மாணாக்கருக்குக் கற்பித்துக்கொண்டிருந்த ஆண்டுகளும் அடங்கும்.