பச்சைச் சூரியனும் செங்கோட்டை ஆதித்யாவும்

போன வாரம் ராஜபாளையத்துலேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ல போய்க்கிட்டிருந்தேன். வழக்கம்போல செல்லுல நாசாவோட எஸ்.டி.ஓ. விண்கலம் எடுத்த சூரியப் படங்கள். பக்கத்து சீட்டு அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, சூரியன் பச்சையால்ல இருக்கு?"

"நெசத்துல பச்சை இல்ல அண்ணாச்சி. இது கண்ணுக்கே தெரியாத ஒளி. அடையாளத்துக்குக் கலர் பூசியிருக்காங்க."

"நம்ம செங்கோட்டை அம்மா விட்டாங்களே, அது எடுத்ததா?"

இங்கதான் மாட்டிக்கிட்டேன். ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜிக்குச் சொந்த ஊர் செங்கோட்டை. எங்க ரோட்டைப் பிடிச்சு தென்காசி தாண்டினா வந்துடும். 2023 செப்டம்பர் 2 அன்னைக்கு ராக்கெட் கிளம்பினப்போ சொந்தக்காரங்க வீட்டு விசேஷம் மாதிரி இருந்துச்சு. ஆனா அண்ணாச்சிக்கு உண்மையான பதில், இல்லை.

ஆதித்யால 7 கருவி இருக்கு. புறஊதாவுல படம் எடுக்குற 'சூட்' பார்க்கறது 200லேர்ந்து 400 நானோமீட்டர் வரைக்கும். அண்ணாச்சி பார்த்த பச்சை 9.4 நானோமீட்டர், அதீத புறஊதா. சுமார் 60 லட்சம் டிகிரி சூட்டுல இரும்பு அணுக்கள் விடுற ஒளி. சூரியன்ல ஒரு வெடிப்பு எந்த இடத்துல கிளம்புது, எந்தக் காந்த வளையம் அறுந்து பறக்குதுன்னு இதுல பளிச்சுனு தெரியும். காத்து மண்டலம் இந்த ஒளியை மொத்தமா விழுங்கிடுறதால, 1899ல ஆரம்பிச்ச நம்ம கொடைக்கானல் ஆய்வகத்துலேர்ந்து இதைப் பார்க்கவே முடியாது. மேலே போய்த்தான் ஆகணும். மேலே போன நம்ம ஆதித்யாலயும் இதைப் படம் எடுக்கக் கருவி இல்லை.

இதை ஒரு நண்பர்கிட்ட சொன்னேன். "ஊர்ப் பெருமைல மண்ணள்ளிப் போடாதே"ன்னார். அப்புறம், "அதான் நாசா படம் சும்மா கிடைக்குதே!"

கிடைக்குதுதான். 12 செகண்டுக்கு ஒண்ணு. ஆனா எஸ்.டி.ஓ. போனது 2010ல, அதுவும் 5 வருஷ வேலைக்குன்னு. 2024 மே மாசம் ஒரே கரும்புள்ளிக் கூட்டம் அடுத்தடுத்து வெடிச்சு, மே 10ல பூமிக்கு வந்த காந்தப் புயல் 2003க்கு அப்புறம் வந்ததுலயே பெருசு. லடாக்கு ஹான்லேல வானமே சிவந்துச்சு. வெடிச்ச ஒளி நமக்கு வர 8 நிமிஷம், பின்னாடி வர்ற பிளாஸ்மாவுக்கு ஒண்ணு ரெண்டு நாள். அந்த இடைவெளியிலதான் நம்ம செயற்கைக்கோள்களைப் பத்திரப்படுத்தணும். அதுக்கு அடுத்தவன் வீட்டு ஜன்னலையே எத்தனை நாள் எட்டிப் பார்க்கறது? அடுத்து ஒரு சூரியக் கலம் போச்சுன்னா அதுல முதல் கருவியா இது இருக்கணும்ங்கறது என் கட்சி. ஆதித்யா செஞ்சது சின்ன வேலைன்னு நான் சொல்லலை. (அடிக்க வராதீங்க :-))

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கறப்போ அண்ணாச்சி படத்தை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னார். தங்கக் கலர்ல ஒண்ணு அருமையா இருக்குன்னு காட்டினேன். வேண்டாமாம், அந்தப் பச்சைதான் வேணுமாம்.