பீர் மேசைக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி: கெடா தமிழர்கள் பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி

சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ் வட்டாரங்களில் வார இறுதி இரவுகளில் பீர் விற்கும் உணவகங்களில் இப்போது குடும்பங்களையும் பார்க்க முடிகிறது. மேசையில் ஆட்டிறைச்சிப் பிரட்டல், நண்டு, நான்கைந்து பீர் போத்தல்கள். பக்கத்தில் தள்ளுவண்டியில் கைக்குழந்தை. மூத்த பிள்ளை கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருக்கிறது. சில கடைகளில் பிறந்தநாள் கேக்கும் அதே மேசையில்தான் வெட்டப்படுகிறது.

இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. “தண்ணி அடிக்கிற இடத்தில் பச்சைப் பிள்ளைக்கு என்ன வேலை?” என்பது அவர்கள் கேள்வி. “பெண்டாட்டி பிள்ளைகளோடு வருகிறவன் இரண்டு போத்தலோடு எழுந்துவிடுவான், தனியாகப் போகிறவன்தான் நள்ளிரவில் தள்ளாடி வருவான்” என்று மறுதரப்பு சொல்கிறது. இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. அதனால் கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இந்தக் கேள்வியைப் பார்க்க வேண்டும்.

பீடோங் விட்டுச்சென்ற நினைவு

குடியும் குடும்பமும் என்ற பேச்சு வந்தால் கெடா தமிழர்களால் பீடோங்கை மறக்க முடியாது. போருக்குப் பிறகு ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை இயங்கியது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கை. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங் கள்ளுக்கடை மறியலில் போலீசாருடன் மோதல் ஏற்பட்டு, ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்திலும் கள்ளுக்கடைகளை மூடும் கோரிக்கை இருந்தது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்ற கோரிக்கையும் அதே பட்டியலில் இருந்தது.

இந்த இரண்டு கோரிக்கைகளும் சேர்ந்து வந்ததில் வியப்பில்லை. சம்பள நாளில் கள்ளுக்கடையில் போன காசு, பிள்ளையின் சோற்றிலிருந்தும் புத்தகத்திலிருந்தும் போன காசு. கடையோ லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. பிள்ளை உள்ளே போகாவிட்டாலும் அங்கு நடப்பதெல்லாம் அதன் கண்ணில் பட்டது, காதில் விழுந்தது.

இங்கே ஒரு முரணையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மதுக்கூடத்தின் உள்ளே விடக்கூடாது என்று 1908-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் சொன்னது. தங்கள் நாட்டுப் பிள்ளையை மதுக்கூடத்திலிருந்து விலக்கி வைக்கச் சட்டம் போட்டவர்களின் ஆட்சியில்தான், இங்கே தோட்டத்துப் பிள்ளையின் வீட்டு அருகிலேயே கள்ளுக்கடைக்கு உரிமம் கிடைத்தது.

கடை போனது, குடி போகவில்லை

இன்று தோட்டத்துக் கள்ளுக்கடைகள் பெரும்பாலும் இல்லை. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு தாமான்களாகிவிட்டன. ஆனால் குடி இடம் மாறியதே தவிர குறைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. வீட்டு முன்புறம், மண்டபத்தின் பின்பக்கம், காப்பிக் கடை, மலிவு சம்சு விற்கும் மளிகைக் கடை என்று அது பரவியது. “பிள்ளையைக் குடிக்கும் இடத்திலிருந்து விலக்கி வைப்போம்” என்று சொல்லும்போது, பல குடும்பங்களில் வீடே அந்த இடமாகிவிட்டதை மறந்துவிடுகிறோம்.

வாழ்க்கை முறையும் மாறிவிட்டது. லயத்தில் இருந்த காலத்தில் பாட்டியோ அத்தையோ பக்கத்து வீட்டு அக்காவோ பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள். கூலிம் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் இளம் தம்பதிக்கு இன்று அந்த வசதி இல்லை. வாரத்தில் ஒரு நாள் வெளியே சாப்பிடப் போனால் பிள்ளையும் கூட வரத்தான் வேண்டும். பிள்ளைக்கு அனுமதி இல்லை என்றால் கணவன் மட்டும் போவான். மனைவி பிள்ளையோடு வீட்டில் இருப்பாள். பழைய கள்ளுக்கடைக் காலமும் அப்படித்தான் இருந்தது.

சட்டம் எதுவரை வருகிறது?

மலேசியாவில் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 2017 டிசம்பர் 1 முதல் 18-லிருந்து 21 ஆக உயர்த்தப்பட்டது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது குற்றம். “அப்பா வாங்கிட்டு வரச் சொன்னாரு” என்று வரும் பையனிடம் போத்தலைக் கொடுக்கும் கடைக்காரரும் இதில் அடக்கம். தோட்டத்திலும் தாமானிலும் இன்னும் சாதாரணமாக நினைக்கப்படும் பழக்கம் இது.

ஆனால் அந்த விதி பேசுவது விற்பனையைப் பற்றி. பெற்றோர் குடிக்கும் மேசையில் பிள்ளை எத்தனை மணி வரை உட்காரலாம், எப்படிப்பட்ட சூழலில் உட்காரலாம் என்பதை அது தீர்க்கவில்லை. அந்த இடைவெளியை இப்போதைக்குக் கடைக்காரரும் பெற்றோரும்தான் நிரப்ப வேண்டும்.

வீடு திரும்பும் பயணத்தில் மட்டும் சட்டம் கடுமையாக இருக்கிறது. 2020 அக்டோபர் 23 முதல் வாகனமோட்டிகளுக்கான மது அளவு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. குடித்து ஓட்டி மரணம் விளைவித்தால் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை. காரில் குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். அந்த இருக்கையில் பிள்ளையைக் கட்டி வைத்துவிட்டு, ஓட்டுகிறவர் மூன்று போத்தல் குடித்திருந்தால் இருக்கையால் என்ன பயன்?

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்?

கேரளாவில் கள்ளுக்கடைகள் பல, குடும்பங்களுக்குத் தனி அறை வைத்திருக்கின்றன. அங்கே மீன் கறிக்கும் கப்பைக் கிழங்குக்குமே கூட்டம் வருகிறது. கள் குடிக்காதவரும் தயக்கமின்றிப் போகிறார். பிரிட்டனில் 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி, முக்கியமாக மது விற்கும் இடங்களில் 16 வயதுக்கு உட்பட்டவர் பெரியவர் துணையோடுதான் இருக்க முடியும். அதற்கு மேல் பல கடைக்காரர்கள் மாலையில் ஒரு நேரத்தைக் குறித்து, அதன் பிறகு பிள்ளைகளை அனுமதிப்பதில்லை. இரண்டு ஊர்களும் கதவை முழுவதும் அடைக்கவில்லை. உணவு, இடம், நேரம், துணை என்ற நான்கையும் வைத்து எல்லை வகுத்துக்கொண்டன.

கெடாவுக்கும் இந்த வழி பொருந்தும். சாப்பாட்டுக்காகக் குடும்பங்கள் வரும் உணவகம் பிள்ளைகளை வரவேற்கலாம். அதற்குச் சில நிபந்தனைகள் வேண்டும். குடும்ப மேசைகள் தனிப் பகுதியில் இருக்கட்டும். உணவகங்களில் 2019 ஜனவரி 1 முதல் இருக்கும் புகைத்தடை அங்கே உண்மையாகவே கடைப்பிடிக்கப்படட்டும். இரவு எட்டரை மணியோடு பிள்ளைகளின் நேரம் முடியட்டும்; பாட்டுச் சத்தம் கூடுவதும் போத்தல்கள் நிறைவதும் அதற்குப் பிறகுதான். மேசைக்கு ஒரு பெரியவராவது குடிக்காமல் இருக்கட்டும். அவரே வண்டி ஓட்டட்டும். குடிப்பதற்கென்றே நடக்கும் பார்களில் தள்ளுவண்டிக்கு இடமே வேண்டாம்.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கடைக்காரர் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினால் போதும். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஒரு கூட்டத்தில் இதைப் பேசலாம். வீட்டு முன்புறத்தில் நடக்கும் குடிக்கும் இதே அளவுகோலை வைக்கலாம்.

பீடோங்கில் மறியலுக்கு நின்றவர்கள் பிள்ளையின் பங்கு கள்ளுக்கடைக்குப் போகக்கூடாது என்று கேட்டார்கள். இன்று கடை மாறியிருக்கிறது, குடிக்கும் பானமும் மாறியிருக்கிறது. பிள்ளைக்குச் சேர வேண்டிய சோறு, தூக்கம், பத்திரமாக வீடு திரும்பும் பயணம் ஆகியவை மாறவில்லை. அடுத்த சனிக்கிழமை மேசையில் உட்காரும் பெற்றோர், போத்தலுக்குச் சொல்லும் முன் இந்த மூன்றும் உறுதியா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.