ஊதியத்துக்கு மட்டும் குறியீடு இல்லை

2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதமாகக் குறைந்தது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டு வரிசையில் அதுவே மிகக் குறைந்த அளவு. காய்கறி விலைச் சரிவும், செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி குறைப்பும் அதற்கு முக்கியக் காரணங்கள். ஆனால், பணவீக்கம் குறைவதாலேயே விலைவாசி பழைய நிலைக்குத் திரும்பிவிடாது. ஏற்றத்தின் வேகம்தான் குறைகிறது. ஏற்கெனவே உயர்ந்துவிட்ட விலையை எட்டும் அளவுக்கு ஊதியம் உயர்ந்ததா என்பதே குடும்பங்களின் கேள்வி.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களின் நடுத்தர வர்க்கத்தை ஒரே பிரிவாகப் பார்ப்பது பிழை என்று கருதுகிறேன். அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி கணக்கிடப்படுகிறது. அதே தெருவில் அதே வாடகை கொடுத்து வாழும் தனியார் பள்ளி ஆசிரியருக்கும், ஜவுளிக்கடைக் கணக்கருக்கும், தனியார் மருத்துவமனைச் செவிலியருக்கும் ஊதிய உயர்வு பெரும்பாலும் நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்தது.

கட்டணம் வசூலிப்பதில் இந்தத் தயக்கம் இல்லை. இவ்விரு ஊர்களுக்கும் இடையே விக்கிரவாண்டியில் சுங்கச்சாவடி உள்ளது. 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி, அடிப்படைக் கட்டணம் ஆண்டுதோறும் 3 சதவீதம் உயரும்; மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதமும் அதனுடன் சேரும். கார் இல்லாதவரும் இதிலிருந்து தப்ப முடியாது. அவர் வாங்கும் சரக்கும் இந்தச் சாலை வழியாகத்தான் வருகிறது.

அரசின் நிவாரணங்களோ இந்தப் பிரிவினரைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. கணவனும் மனைவியும் தலா 12,000 ரூபாய் ஈட்டும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 2.88 லட்சம். 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்ற 2025 பட்ஜெட் அறிவிப்பால் இவர்களுக்குப் பயனில்லை. இவர்கள் முன்பும் வரி செலுத்தியவர்கள் அல்லர். 2023-இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியபோது வகுக்கப்பட்ட 2.5 லட்சம் ரூபாய் வருமான வரம்பையும் இவர்கள் கடந்துவிடுகிறார்கள். ஒரு சலுகைக்கு வருமானம் போதவில்லை; மற்றொன்றுக்கு வருமானம் கூடுதல்.

கடை ஊழியருக்காவது, குறியீட்டுடன் பிணைந்த பஞ்சப்படியைக் கொண்ட குறைந்தபட்ச ஊதியம் தமிழகத்தில் சட்டப்படி உண்டு. அது கைக்கு வருகிறதா என்பதைத் தொழிலாளர் துறை கண்காணித்தால் போதும். ஆசிரியரின் நிலை வேறு. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் ஆசிரியர்களுக்குப் பொருந்தாது என்று ஹரியாணா தனியார் பள்ளிகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. பட்டம் பெற்றவருக்கு, கடைச் சிப்பந்திக்கு உள்ள பாதுகாப்புகூட இல்லாமல் போன வினோதம் இது.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, பட்டியலிடப்பட்ட தொழில்களுக்கே குறைந்தபட்ச ஊதியம் என்ற பழைய வரம்பை நீக்கியிருக்கிறது. இதன் பாதுகாப்பு தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் உண்டு என்பதைச் சட்டத்தின் வழியாகவே ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்ய வேண்டும். ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ற உயர்வும் அதில் இடம்பெற வேண்டும். கல்விக் கட்டணம் உயரும் என்று பள்ளிகள் வாதிடலாம். அந்தக் கட்டணத்தில் எத்தனை விழுக்காடு ஊதியமாகச் செல்கிறது என்பதை முதலில் அவை வெளியிடட்டும். சாலைக் கட்டணத்துக்கு விலைவாசிக் குறியீடு தேவை என்று உணர்ந்த அரசுக்கு, உழைப்பவரின் ஊதியத்துக்கும் அது தேவை என்பது புரியாத கணக்கல்ல.