கட்டியக்காரன் வாய் மூடும் இடம்

சென்ற ஐப்பசி மழையின்போது பெருமுக்கலில் உள்ள நம் தம்பியின் இல்லத்தில் நான்கு நாள் தங்க நேர்ந்தது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில், கருங்கல் மலையடியில் அமைந்த ஊர் அது. கிழக்கே மரக்காணத்து உப்பளங்கள் மழைநீரில் மூழ்கிக் கிடந்தன. வெயிலை நம்பி நடக்கும் தொழிலுக்கு அடைமழைக் காலம் கட்டாய விடுமுறை. ஆகவே, உப்பளமொன்றில் கணக்கெழுதும் தம்பியும் வீட்டிலேயே இருந்தான். திண்டிவனத்துக் கல்லூரியில் முதலாண்டு பயிலும் மகளும், பன்னிரண்டாம் வகுப்பு மாணவனான மகனும் மழை விடுமுறையில் வீட்டிலிருந்தனர்.

இரவு உணவு முடிந்ததும் பையன் நம்மருகே வந்து, "பெரியப்பா, ரொம்ப மோசமான பேய்ப்படம் ஒன்று இருக்கிறது. பார்க்கிறீர்களா?" என்று அழைத்தான். நல்ல படம் பார்க்க அழைப்பவரைக் கண்டிருக்கிறோம். மோசமானது என்று சொல்லியே ஒருவன் அழைத்தது நமக்குப் புதுமையாக இருந்தது.

அவன் விளக்கினான். படம் தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடும். அதே வேளையில் கைப்பேசியில் ஒரு பாட்காஸ்ட் ஒலிக்கும். அதில் இரண்டு இளைஞர்கள் அப்படத்தைப் பார்த்துக்கொண்டே காட்சிக்குக் காட்சி கேலி பேசுவார்கள். படத்தின் உரிமை வேறொருவருடையது; ஆதலின் தங்கள் பேச்சை மட்டும் தனியே பதிவு செய்து தருகிறார்கள். "மூன்று, இரண்டு, ஒன்று" என்று அவர்கள் எண்ணி முடிக்கும்போது நாம் படத்தைத் தொடங்க வேண்டும். அப்பொழுதுதான் காட்சியும் கேலியும் இணைந்து செல்லும்.

இவ்வகை வேடிக்கை வெளிநாடுகளில் நெடுநாளாக உள்ளது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1988-ஆம் ஆண்டு தொடங்கிய 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' என்னும் நிகழ்ச்சியில், ஒரு மனிதனும் சில பொம்மை இயந்திரங்களும் திரைக்கு முன் அமர்ந்து மட்டமான பழைய படங்களைப் பரிகசிப்பர். நம் நாட்டுக்கும் இது முற்றிலும் புதிதன்று. மௌனப் படங்களின் காலத்தில் திரையருகே ஒருவர் நின்று கதை சொல்வது வழக்கம். அதற்கும் முந்தியவன் நம் தெருக்கூத்தின் கட்டியக்காரன். அரசன் கம்பீரமாக மேடையேறினால், "ஐயா நீர் யார்? எங்கிருந்து வருகிறீர்?" என்று ஒன்றும் அறியாதவன்போல் கேட்பவன் அவன், மன்னனின் பெருமையைத் தெருமொழியில் பெயர்த்து ஊரைச் சிரிக்க வைப்பவன். கைப்பேசியில் பேசிய இளைஞர் இருவரும் அந்தக் கட்டியக்காரனின் பேரப்பிள்ளைகளே என்று எண்ணிக்கொண்டு நாமும் அமர்ந்தோம்.

படம் 2002-இல் வெளிவந்த 'ஜானி துஷ்மன்: ஏக் அனோகி கஹானி' என்னும் இந்திப் படம். அதன் வேர் பழையது. 1976-இல் ராஜ்குமார் கோலி 'நாகின்' என்றொரு படம் எடுத்தார். மனித உருவெடுக்க வல்ல நாகமொன்றை நண்பர் குழுவில் ஒருவன் தவறாக எண்ணிச் சுட்டுக் கொல்கிறான். துணையை இழந்த நாகினி அக்குழுவினரை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று பழிவாங்குகிறாள். இக்கதையே 1979-இல் துரையின் இயக்கத்தில், கமல்ஹாசனும் ஸ்ரீப்ரியாவும் நடிக்க, 'நீயா?' என்று தமிழில் வந்தது. நம் வயதினர் அதனை மறந்திருக்கமாட்டார்கள். நாகினுக்கு இருபத்தாறு ஆண்டு கழித்து அதே கோலி தம் பழைய கதையை மாற்றிப் புனைந்து எடுத்ததே இந்த 2002-ஆம் ஆண்டுப் படம். சன்னி தியோல், அக்ஷய் குமார், சுனில் ஷெட்டி, மனிஷா கொய்ராலா என்று பெரிய நட்சத்திரப் பட்டாளம். பாடகர் சோனு நிகம்கூட நடித்திருந்தார். நாகனாக நடித்தவர் இயக்குநரின் மகன் அர்மான் கோலி. இத்தனை இருந்தும், ஹாலிவுட் பாணியில் செய்ய முயன்ற கணினி வித்தைகளாலும் தலைகால் புரியாத போக்காலும், இந்தியாவின் மிக மோசமான படங்களைப் பேசுவோர் தவறாது குறிப்பிடும் பெயராக அது நிலைத்துவிட்டது.

முதல் அரைமணி நேரம் நாம் வாய்விட்டுச் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். நாற்பதை எட்டிய நடிகர்கள் கல்லூரி மாணவர்களாக வந்து நின்றபோது, "இவர்கள் தேர்வு எழுத வந்தார்களா, ஓய்வூதியம் வாங்க வந்தார்களா?" என்றது கைப்பேசி. தம்பியின் மனைவிக்குப் புரையேறிவிட்டது. இந்தி அறியாத நமக்கு அந்தப் பேச்சே மொழிபெயர்ப்பாகவும் உதவியது.

அப்போது மின்சாரம் போயிற்று. தொலைக்காட்சி அணைந்தது, கைப்பேசி மட்டும் இருட்டில் தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் விளக்கு எரிந்தது. பையன் இரண்டையும் மறுபடி ஓடவிட்டான்; ஆனால் கணக்குப் பிசகிவிட்டது. திரையில் அந்தக் கல்லூரிப் பெண்ணை உடன்பயிலும் இருவர் சூழ்ந்து தீங்கு செய்ய முனையும் காட்சி. கைப்பேசியிலோ வேறெந்தக் காட்சிக்கோ உரிய வெடிச்சிரிப்பு. பெண் அலறுகிறாள், சிரிப்பு ஓயவில்லை. நமக்கு உடம்பு கூசியது. "சரிசெய்துவிடு" என்றோம். பையன் படத்தைப் பின்னோக்கி ஓட்டி, வினாடி பிசகாமல் இணைத்தான்.

இம்முறை காட்சியும் பேச்சும் சரியாகப் பொருந்தின. ஆயினும் அவ்விடத்தில் சிரிப்பு இருக்கத்தான் செய்தது! அந்த இருவரின் நடிப்பையும், பின்னணி இசையையும், அவள் அழும் விதத்தையும் குறித்த கேலி. பிசகு கருவியில் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று.

படத்தின் குற்றத்தையும் மறைப்பதற்கில்லை. பழைய கதையில் துயருற்றவளே நீதி கேட்டு வந்தாள். அவள் நாகமே ஆயினும் அவளுடைய இழப்பை எவரும் உணரலாம். புதிய படத்தில் துயருற்ற பெண் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். பழிவாங்கும் பணி நாகனுக்குப் போய்விடுகிறது. அவளுடைய துயரம் அவனுடைய வித்தைகளுக்கு ஒரு முகாந்திரமாகச் சுருங்கிவிட்டது. ஒரு படம் மோசமாவது வித்தை பலிக்காததால் மட்டும் அன்று. கேலி செய்தவர்கள் வித்தையின் குறையைக் கண்டார்கள், இக்குறையைக் காணவில்லை.

நமக்கு மீண்டும் கூத்து நினைவுக்கு வந்தது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் திரௌபதி அம்மன் விழாக்களில் பாரதக் கூத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். துகிலுரிதல் கூத்தன்று ஊரின் முகமே மாறிவிடும். துச்சாதனன் பாஞ்சாலியின் சேலையில் கைவைக்கும் வேளையில் கற்பூரம் ஏற்றுவர். துச்சாதனன் வேடம் பூண்டவரே பாஞ்சாலி வேடத்தை வணங்குவதும் உண்டு. இரவெல்லாம் அரசர்களைப் பகடி செய்த கட்டியக்காரனின் நகைச்சுவை அங்கே ஒதுங்கி நிற்கும். பள்ளிக்கூடம் கண்டிராத கலைஞர்கள் வகுத்த வரம்பு அது.

இவ்வாறு நாம் எண்ணிக்கொண்டிருந்தபோது, அதுவரை பேசாதிருந்த தம்பி மகள் மெல்லச் சொன்னாள்: "எங்கள் பஸ்ஸிலும் இப்படித்தான் பெரியப்பா சிரிப்பார்கள்."

தம்பி படத்தை நிறுத்தினான். காலைப் பேருந்தில் தன் தோழி ஒருத்தியை நாள்தோறும் நான்கைந்து பேர் சூழ்ந்து நின்று பாட்டுப் பாடுவதையும், இடிப்பதையும், சுற்றியிருப்போர் சிரிப்பதையும் அவள் கூறினாள். தோழி அழுதால், அழுகையையும் நடித்துக்காட்டுவார்களாம். மூன்று மாதமாக இவள் அதனை வீட்டில் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னால் கல்லூரியை நிறுத்திவிடுவீர்களோ என்று பயம்" என்றாள். அன்றிரவு நாம் கண்ட திகில் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருந்தது.

கேலி என்பது சிறு சொல். அந்தக் கேலி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழகம் அறியும். 1998-இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் இளைஞர்களின் கேலியால் உயிரிழந்தார். அவ்வாண்டே ஈவ் டீசிங்கைத் தடுக்கத் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றிற்று. பெண்களுக்கு உதவ 181 என்னும் தொலைபேசி எண்ணும் இன்று இருக்கிறது. ஆனால் சட்டமும் எண்ணும் பிற்பாடு வருபவை. பேருந்தில் முதலில் இருப்பவர்கள் உடன் பயணிப்போரே. தீங்கு செய்பவன் ஒருவனாயின், அவனுக்குத் துணிவு தருவது பத்துப் பேரின் சிரிப்பு.

மறுநாள் தம்பி தோழியின் பெற்றோரைச் சென்று கண்டான். இரு தந்தையரும் சேர்ந்து கல்லூரி முதல்வரைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. "கல்லூரியை நிறுத்தும் பேச்சே இல்லை" என்று மகளிடம் அவன் முதலில் சொன்னது நமக்கு நிறைவளித்தது. நாம் ஊருக்குப் புறப்படுகையில் பையன் பையைத் தூக்கிக்கொண்டு சாலைவரை வந்தான். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "நானும் பஸ்ஸில் சில நாள் சிரித்திருக்கிறேன், பெரியப்பா" என்றான். அவனை நாம் கடிந்துகொள்ளவில்லை. அக்காவிடமும் அதைச் சொல்லும்படி மட்டும் கூறினோம்.

மோசமான படங்களைப் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. குடும்பமாக அமர்ந்து சிரிப்பது நல்லதே. மிடுக்கோடு வரும் போலியைக் கேலி செய்வது அறிவுக்கும் நல்லது. அன்பான பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளும் இத்தகைய கேலி உரைகளைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், ஒருநாள் உடன் அமர்ந்து நீங்களும் கேளுங்கள். எல்லாரும் சிரிக்கும்போது, அந்த அறையில் யார் சிரிக்கவில்லை என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.